எரிபொருளும் எஞ்சினும்: பழைய டீசல் வண்டியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் அரசுகளும் போர்களும் உடன்படிக்கைகளுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மனிதன் நாளாந்தம் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. ஏரும் துலாவும் தறியும் எவ்வாறு ஒரு சமுதாயத்தின் பொருளாதார வாழ்வை எடுத்துக்காட்டுகின்றனவோ, அவ்வாறே கடந்த ஒரு நூற்றாண்டு காலத்தில் எந்திரங்களும் அவ்வாழ்வின் சான்றுகளாகியுள்ளன. அவற்றுள் ஒன்று டீசல் எஞ்சின்.

பழைய டீசல் வண்டி ஒன்றை வைத்திருப்பவர் இரண்டு வினாக்களை இடையறாது எதிர்நோக்குகின்றார். எந்த எண்ணெயை ஊற்றுவது என்பது ஒன்று; வண்டியை எவ்வாறு ஓட்டுவது என்பது மற்றது. மேலோட்டமாக நோக்கின் இவை கராச்சிலே தீர்க்கப்பட வேண்டிய தொழில்நுட்ப வினாக்களாகவே தோன்றும். ஆனால், இவ்வினாக்களுக்குக் காலத்துக்குக் காலம் கிடைத்த விடைகளைத் தொகுத்து நோக்கினால், எரிபொருளைத் தெரிவு செய்தவர் பெரும்பாலும் சாரதி அல்லர் என்பதும், குடியேற்ற நாட்டு ஆட்சி, எண்ணெய் வணிகம், இறக்குமதிக் கொள்கை, போர் ஆகியவையே அத்தெரிவைச் செய்தன என்பதும் புலனாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எதையும் எரிக்க எண்ணிய எஞ்சின்

ருடோல்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே ஜேர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிச் நகரில் தொழில்நுட்பக் கல்வி பெற்ற காலத்தில், பேராசிரியர் கார்ல் வொன் லிண்டே வெப்ப எந்திரங்கள் பற்றி நிகழ்த்திய விரிவுரைகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் தமக்கு ஊட்டப்பட்ட நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கையோ அதனிலும் குறைவான பங்கையோ மாத்திரமே பயனுள்ள வேலையாக மாற்றின. எஞ்சிய வெப்பம் வீணாயிற்று. இவ்வீண்விரயத்தைக் குறைப்பதே டீசலின் வாழ்நாள் இலட்சியமாயிற்று.

அவர் கண்ட வழி எளிமையானது. சிலிண்டரினுள் வளியை மாத்திரம் இழுத்து, அதனை மிகக் கூடிய அமுக்கத்துக்கு நெருக்கினால் அவ்வளி தானாகவே கொதிப்படையும். அந்நிலையில் எரிபொருளைச் சிறிது சிறிதாக உட்செலுத்தினால், மின்பொறி எதுவுமின்றியே அது தீப்பற்றும். இக்கருத்துக்கு 1892ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தேதியிட்ட காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. ஒக்ஸ்பேர்க் நகர எந்திரத் தொழிற்சாலையில் 1893ஆம் ஆண்டு நிகழ்ந்த முதற் பரிசோதனையின்போது, அமுக்கத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. நான்கு ஆண்டுகள் கழிந்து, 1897ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய அளவீட்டில் அவ்வெஞ்சின் 26 சதவீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறனைக் காட்டியது. அக்காலத்தில் அது வியக்கத்தக்க சாதனையாகும்.

இங்கு எமது கவனத்துக்குரியது, டீசல் தமது எஞ்சினுக்குக் குறித்த ஓர் எரிபொருளை விதிக்கவில்லை என்பதாகும். நிலக்கரித் தூளையும் எரிக்கலாம் என்றே அவர் தொடக்கத்தில் கருதினார். நெருக்கலின் வெப்பத்தில் தீப்பற்றக்கூடிய எதுவும் அவ்வெஞ்சினுக்கு உணவாகலாம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒட்டோ நிறுவனம் காட்சிக்கு வைத்த சிறிய டீசல் எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயில் இயங்கியது. எண்ணெய் மாற்றப்பட்டதைப் பார்வையாளர்களிற் பலர் அறியவேயில்லை எனப் பின்னாளில் டீசலே நினைவு கூர்ந்துள்ளார். பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பத்துக்கு இணங்கவே அப்பரிசோதனை நடைபெற்றது. ஆபிரிக்காவிலிருந்த அதன் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்தது. அங்குள்ள எந்திரங்களை அங்கேயே விளையும் எண்ணெயைக் கொண்டு இயக்கினால் நிலக்கரியையும் பெற்றோலியத்தையும் கொண்டு செல்ல வேண்டியதில்லை. எனவே, தாவர எண்ணெயின் முதல் வரலாறு சுற்றாடல் நேயத்தின் வரலாறன்று. அது குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் வரலாறாகும்.

டீசலிடம் சமூக நோக்கும் இருந்தது. பெருந்தொழிற்சாலைகளின் போட்டிக்கு முன்னால் நலிவுற்று வந்த சிறு கைத்தொழிலாளருக்குச் சிறிய, சிக்கனமான எஞ்சினொன்று துணையாகலாம் என அவர் நம்பினார். 1903ஆம் ஆண்டு தொழிலாளரின் கூட்டுறவு பற்றி நூலொன்றும் எழுதினார். 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலிருந்து காணாமற்போய் அவர் மறைந்தார். அவரது எஞ்சினோ சிறு தொழிலாளரைவிடப் பெருங்கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் மின்னிலையங்களுக்குமே முதலில் பயன்பட்டது.

எஞ்சின் சிறுத்தது, எண்ணெய் ஒன்றாயிற்று

தொடக்ககால டீசல் எஞ்சின்கள் எரிபொருளை உட்செலுத்துவதற்கு நெருக்கிய வளியைப் பயன்படுத்தின. அதற்கான கருவி பாரமானது. தெருவில் ஓடும் வண்டிக்குப் பொருந்தாதது. பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய புரொஸ்பர் லொராஞ்ச் 1909ஆம் ஆண்டு முன்னறை என்னும் அமைப்பைக் கண்டமையும், ரொபேட் பொஷ்ஷின் நிறுவனம் 1927ஆம் ஆண்டு உட்செலுத்தும் பம்பிகளைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியமையும் இத்தடையை நீக்கின. 1936ஆம் ஆண்டு பேர்லினில் காட்சிக்கு வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி, தொகையாக விற்பனைக்கு வந்த முதல் டீசல் கார்களுள் ஒன்றாகும். அதன் வலு 45 குதிரைவலு மாத்திரமே. ஆயினும் ஒத்த பெற்றோல் வண்டி 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 13 லீற்றர் செலவழித்தபோது, இது ஏறத்தாழ 9 லீற்றரே செலவழித்தது. வாடகைக் கார்ச் சாரதிகள் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

எஞ்சின் சிறுத்ததோடு அதன் எரிபொருள் சுதந்திரமும் சுருங்கியது. பெற்றோலியச் சுத்திகரிப்பிலே மண்ணெண்ணெய்க்கும் பாரமான எண்ணெய்க்கும் இடைப்பட்டுக் கிடைத்த பகுதி மலிவாக விற்கப்பட்டது. பம்பிகளும் நொசில்களும் அவ்வெண்ணெயின் பாகுமைக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டன. காலப்போக்கில் அவ்வெண்ணெயே எஞ்சினின் பெயரையும் பெற்று ‘டீசல்’ ஆயிற்று. எதையும் எரிக்க எண்ணிய எஞ்சின் ஒன்றை மாத்திரம் எரிக்கும் எஞ்சினாக மாறியமைக்கு இயற்கை விதி காரணமன்று. சந்தை விலையே காரணமாகும்.

பழைய பாதை முற்றாக மறக்கப்படவுமில்லை. 1937ஆம் ஆண்டு பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பவர், தாவர எண்ணெயை மதுசாரத்துடன் தாக்கமுறச் செய்து மெலிதாக்கும் முறைக்குப் பெல்ஜியக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பிரசல்ஸிலிருந்து லூவெய்ன் நகருக்குச் சென்ற பஸ் ஒன்று அவ்வாறு பெறப்பட்ட பாமெண்ணெய் எரிபொருளில் ஓடியது. அங்கும் பின்னணியில் நின்றது கொங்கோ என்னும் குடியேற்ற நாடே. இன்று உயிர் டீசல் எனப் போற்றப்படுவதன் தோற்றுவாய் இதுவேயாகும்.

எண்ணெயின் இயல்பும் சாரதியின் பாதமும்

மேலே செல்லுமுன், எரிபொருள் பழைய டீசல் எஞ்சினை எவ்வாறு பாதிக்கின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகும். மூன்று பண்புகள் இங்கு முக்கியமானவை. முதலாவது, நெருக்கலின் வெப்பத்தில் விரைந்து தீப்பற்றும் இயல்பு. இதனைச் சீற்றேன் எண்ணால் அளப்பர். இவ்வெண் குறைந்தால் எரிபொருள் தாமதித்துப் பற்றி, ஒரே கணத்தில் எரிந்து, எஞ்சினைத் தட்டொலியுடன் அதிரச் செய்யும். இரண்டாவது பாகுமை. எண்ணெய் மிகத் தடித்தால் நொசிலில் நுண்துளிகளாகச் சிதறாது. எரியாத பகுதி காபனாகப் படியும். மிக மெலிந்தால் பம்பியினுள்ளே கசிந்து அமுக்கம் குறையும். மூன்றாவது வழுக்குந்தன்மை. சுழல்வகைப் பம்பிகளில் எரிபொருளைத் தவிர வேறு மசகு கிடையாது. வழுக்காத எண்ணெய் பம்பியைத் தேய்த்துவிடும்.

பிற்காலத்துச் சம்பவமொன்று இதனை நன்கு விளக்குகின்றது. சுவீடன் 1990களின் தொடக்கத்தில், வளி மாசடைவதைத் தடுக்கும் பொருட்டுக் கந்தகம் பெரிதும் நீக்கப்பட்ட டீசலை அறிமுகம் செய்தது. நோக்கம் நன்று. ஆனால், கந்தகத்தை நீக்கிய அதே சுத்திகரிப்பு எண்ணெயின் இயல்பான வழுக்குந்தன்மையையும் நீக்கிவிட்டது. பம்பிகள் பழுதடையத் தொடங்கின. அதன் பின்னரே வழுக்குந்தன்மையைத் தரும் சேர்பொருள்களை இடுவது வழக்கமாயிற்று. ஒரு தலைமுறையின் எண்ணெய்க்கென அமைக்கப்பட்ட எஞ்சின், அடுத்த தலைமுறையின் எண்ணெயைச் சேதமின்றி ஏற்குமென எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இது சான்றாகும்.

சாரதியின் பழக்கமும் இதனோடு பிணைந்ததே. பெற்றோல் எஞ்சினில் அக்சிலேற்றர் வளியைக் கட்டுப்படுத்துகின்றது. டீசல் எஞ்சினிலோ அது எரிபொருளை மாத்திரமே கட்டுப்படுத்துகின்றது. ஆகவே, உயர்ந்த கியரில் மெதுவாக ஊர்ந்துகொண்டு அக்சிலேற்றரை முழுமையாக மிதிப்பவர், இருக்கும் வளி எரிக்கக்கூடியதிலும் அதிகமான எண்ணெயை ஊட்டுகின்றார். அதன் விளைவே பின்னால் எழும் கரும்புகை. அது காற்றில் கலக்கும் பணமாகும். நீண்ட நேரம் நிறுத்திவைத்தபடி எஞ்சினை ஓடவிட்டால் சிலிண்டர் போதிய சூடடையாது. எரியாத எண்ணெய் சுவர்களில் வழிந்து மசகெண்ணெயுடன் கலக்கும். குறுந்தூர ஓட்டங்களும் இத்தகையனவே. இடையிடையே சூடேறிய எஞ்சினைச் சற்றுச் சுமையோடு நீண்ட தூரம் ஓட்டினால் படிந்த காபனின் ஒரு பகுதி எரிந்து நீங்கும். இறக்கத்தில் கியரை விலக்காது காலை எடுத்தால் எரிபொருள் ஏறத்தாழ முற்றாக நிறுத்தப்படும். அனுபவம் முதிர்ந்த சாரதிகள் எஞ்சினின் ஒலியைக் கேட்டுக் கியரை மாற்றினார்கள். அவ்வொலி அவர்களுக்கு ஓர் அளவுகருவியாக விளங்கியது.

இலங்கையில் பழைய வண்டி நிலைத்த காரணம்

இலங்கையில் பழைய வண்டிகள் நீடித்தமைக்கு உரிமையாளரின் பற்று மாத்திரம் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை வரையும் இந்நிலை பெரிதும் நீடித்தது. புதிய வண்டி வராத நாட்டில் பழைய வண்டியே பேணப்பட வேண்டியதாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பிரித்தானிய வண்டிகள் பழுதுபார்க்கப்பட்டும், உதிரிப்பாகங்கள் உள்ளூரிலேயே கடைந்து பொருத்தப்பட்டும் தலைமுறை தாண்டி ஓடின. பிரித்தானிய நிறுவனம் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் வண்டிகளை 1960களில் ஒன்றரை லீற்றர் டீசல் எஞ்சினுடனும் தயாரித்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில் எண்ணெய் வணிகமும் அரசின் கைக்கு மாறியது. 1961ஆம் ஆண்டு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய அந்நிய நிறுவனங்களின் சொத்துக்கள் சில சுவீகரிக்கப்பட்டன. அதற்குரிய நட்டஈட்டுப் பிரச்சினையால் 1963ஆம் ஆண்டு அமெரிக்கா தனது உதவியை நிறுத்தியது. 1969ஆம் ஆண்டு சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் டீசலும், ஏழைகளின் விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெயும் என விலைகள் வகுக்கப்பட்டன. எந்த எண்ணெய் மலிவானது என்பது அரசியல் தீர்மானமாயிற்று. எந்த வண்டி இலாபமானது என்பது அத்தீர்மானத்தைத் தொடர்ந்தது.

தடைக்காலத்தின் படிப்பினை

எரிபொருளும் வரலாறும் ஒன்றையொன்று மிகக் கூர்மையாகச் சந்தித்த இடம் 1990களின் யாழ்ப்பாணமாகும். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குச் செல்லும் பொருள்கள் மீது அரசாங்கம் விதித்த தடையில் பெற்றோலும் டீசலும் அடங்கின. குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லாதொழிந்தது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் இறைப்பு எந்திரத்துக்கும் வாகனத்துக்கும் பொதுவான எண்ணெயாயிற்று. துவிச்சக்கர வண்டியே பெரும்பாலானோரின் ஊர்தியாயிற்று. அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலியும் கேட்கப்பட்டது.

இக்காலத்தில் பழைய வண்டிகளே மீண்டும் தெருவுக்கு வந்தன என்பது ஆராயத்தக்கது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாவதில்லை; உயர்ந்த நெருக்கலையும் தாங்குவதில்லை. நெருக்கல் விகிதம் தாழ்ந்த ஏ40 சோமசெற், மொறிஸ் மைனர் போன்ற வண்டிகள், சிறிதளவு பெற்றோலில் இயக்கிச் சூடாக்கப்பட்டபின் மண்ணெண்ணெயில் ஓடின. நெருக்கல் கூடிய புதிய எஞ்சின்களுக்கு இது இயலாததாயிற்று. குடாநாட்டு விவசாயிகள் துலாவைக் கைவிட்டு மண்ணெண்ணெய் இறைப்பு எந்திரங்களுக்கு மாறியது முதலாக, பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை அங்கு அறியப்பட்டதே. தோட்டத்தின் அறிவு தெருவுக்கு வந்தது என்பது பொருந்தும்.

டீசல் வண்டியின் சிக்கல் வேறுவகையானது. மண்ணெண்ணெய் டீசல் எஞ்சினில் தீப்பற்றும். ஆனால் அது மெலிந்தது, வழுக்காதது. தனியே ஊற்றினால் பம்பி விரைவில் தேய்ந்துவிடும். எனவே, அதனுடன் தேங்காயெண்ணெய் முதலிய தாவர எண்ணெய்களும் கழிவு எண்ணெயும் கலக்கப்பட்டன. இது வெறும் நிர்ப்பந்தத்தின் செயலாகத் தோன்றினும், அதனுள் தெளிவான நியாயம் உண்டு. தேங்காயெண்ணெயின் பாகுமை டீசலினதைவிடப் பல மடங்கு கூடியது; மண்ணெண்ணெயினதோ குறைந்தது. பாகுமையை மாத்திரம் கருதினால், நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை தேங்காயெண்ணெய் சேர்ந்த கலவை டீசலின் எல்லைக்குள் வந்துவிடும். தேங்காயெண்ணெய் நெருக்கலில் நன்கு தீப்பற்றுவதும், பம்பிக்கு வழுக்கலைத் தருவதும் மேலதிக நன்மைகளாகும். யாழ்ப்பாணத்து வெயிலில் அது உறைவதுமில்லை. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்கும் மார்கழி, தை மாத விடியற்காலைகளில் மாத்திரமே அவ்வச்சம் உண்டு.

1900ஆம் ஆண்டு பாரிஸில் காட்சிப் பொருளாக விளங்கிய உண்மை, தொண்ணூறு ஆண்டுகள் கழிந்து முற்றுகைக்குள் வாழ்ந்த மக்களால் வாழ்க்கைத் தேவையாக மீளக் கண்டறியப்பட்டது. ஆனால் இவ்வொப்புமையைப் புகழ்ந்துரைப்பதோடு நின்றுவிடல் தகாது. இக்கலவைக்கு எஞ்சின் விலை கொடுத்தது. நொசில்களில் காபன் படிந்தது, பிஸ்டன் வளையங்கள் ஒட்டின, மசகெண்ணெய் தடித்தது. மாற்றுவதற்கு உதிரிப்பாகமும் இல்லை. ஆகவே, மெதுவாக ஓட்டுதல், சுமையைக் குறைத்தல், நன்கு சூடேறுமுன் விரைவுபடுத்தாதிருத்தல் ஆகியன சிக்கனத்தின் விதிகளாக மாத்திரமன்றி, எஞ்சினின் ஆயுள் விதிகளாகவும் அமைந்தன.

எஞ்சின் கொடுத்த விலையிலும் பெரியது மனிதர் கொடுத்த விலை. வண்டியில் எரிந்த ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும், ஏதோ ஒரு வீட்டின் ஜாம் போத்தல் விளக்கில் எரிந்திருக்கக் கூடியதாகும். அவ்வொளியிலேயே ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். கலக்கப்பட்ட தேங்காயெண்ணெயும் சமையலறைக்கு உரியதே. நோயாளியை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்வதா, தோட்டத்துக்கு நீர் இறைப்பதா, பிள்ளைக்கு விளக்கேற்றுவதா என்பதே அன்றைய உண்மையான எரிபொருள் தெரிவாக இருந்தது. தெரிவு என்னும் சொல்லின் கசப்பை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது. 1994ஆம் ஆண்டில் தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆனால் வன்னிப் பகுதி மீதான கட்டுப்பாடுகள் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த காலம் வரை தொடர்ந்தன. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாடு மீண்டும் தட்டுப்பாட்டை அனுபவித்தது.

2022 உணர்த்திய உண்மை

2022ஆம் ஆண்டு இவ்வனுபவத்தின் ஒரு பகுதி நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. அந்நியச் செலாவணி வற்றியதனால், ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. ஜூலையில் அறிமுகமான கியூஆர் அட்டைமுறை 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வரை நீடித்தது. 2022 ஜூன் மாத இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவாகியிருந்தபோது, மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்கே விலை குறிக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இவ்வளவு பெரிய விலை இடைவெளி இருக்கும்போது மண்ணெண்ணெய் கலப்படமாக டீசல் தாங்கிகளைச் சென்றடையும் அபாயம் இயல்பாகவே எழும். அதனால் தேய்வது பழைய எஞ்சினின் பம்பி மாத்திரமன்று. மீனவரின் படகுக்கும் மின்சாரமற்ற வீட்டின் விளக்குக்கும் உரிய பங்கும் தேய்கின்றது. விலை உயர்த்தப்பட்டபோதோ அதே மீனவரும் அதே வீட்டாருமே சுமையைத் தாங்கினர். சலுகை விலைக்கும் கலப்படத்துக்கும் இடையே நியாயமான வழியைக் காண்பது இன்றும் பொருளியலாளரின் முன்னுள்ள வினாவாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். பழைய டீசல் எஞ்சின் இயல்பாகவே பரந்த உணவுப் பழக்கம் உடையது. அதனை ஓர் எண்ணெய்க்குக் கட்டுப்படுத்தியது சந்தை. அக்கட்டு அறுந்த நெருக்கடிக் காலங்களிலே எஞ்சினின் பழைய இயல்பு வெளிப்பட்டது. ஆயினும் அதற்குரிய விலையை எஞ்சினும் மனிதரும் செலுத்தினர். எண்ணெயைத் தெரியும் உரிமை இல்லாத இடத்தில், சாரதியின் கையிலும் பாதத்திலும் எஞ்சியிருந்த சுதந்திரம் ஓட்டும் முறை ஒன்றே. நல்ல ஓட்டம் என்பது அந்தச் சிறு சுதந்திரத்தின் அறிவார்ந்த பயன்பாடாகும்.

இன்னொன்றும் சொல்லப்பட வேண்டும். டீசலின் பரிசோதனைக் குறிப்புகள் ஜேர்மனியில் பேணப்பட்டுள்ளன. சவானின் காப்புரிமை இலக்கத்துடன் பதிவாகியுள்ளது. தடைக்காலத்தில் எந்த எண்ணெயை எந்த அளவில் கலந்தால் எந்த எஞ்சின் எத்தனை நாள் ஓடும் என்பதைக் கண்டறிந்த எமது மெக்கானிக்குகளின் அறிவோ பெரும்பாலும் அவர்களது நினைவிலேயே தங்கியுள்ளது. அவர்களுட் பலர் முதுமை எய்திவிட்டனர். கல்வெட்டையும் ஏட்டையும் தேடிச் செல்லும் வரலாற்று மாணவர்கள் எண்ணெய் படிந்த கராச்சுகளுக்கும் செல்ல வேண்டும். அங்குள்ளவர்களின் வாய்மொழிச் சான்றுகளைக் காலம் தாழ்த்தாது தொகுத்தல் வேண்டும். எமது மக்களின் சமூக வரலாற்றில் ஓர் அத்தியாயம் அங்கே எழுதப்படாமல் இருக்கின்றது.